சாமி இல்லாத மலை

எங்கள் ஊரில் ஒருத்தி "மலைக்குப் போறேன்" என்று சொன்னால், கேட்கிறவள் வாயிலிருந்து வரும் அடுத்த கேள்வி "இன்னா வேண்டுதல்?" என்பதுதான். எப்போ போறே, யாரோட போறே என்பதெல்லாம் அதற்கப்புறம். திருத்தணியில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் மேலே ஒரு சாமி, கீழே ஒரு குறை, நடுவில் படி. இந்த மூன்றும் இல்லாத மலையை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கணும் என்று நினைத்ததும் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாசத்தில் ஒரு காலை, தெருக் குழாயடியில் வரிசையில் நின்ற கோமளவல்லி, "ஆடிக் கிருத்திகை லீவுல நானும் அவரும் மலைக்குப் போறோம்" என்றாள். குடம் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இன்னா வேண்டுதல்?"

"ஒரு வேண்டுதலும் இல்ல. மோட்டார் சைக்கிள்ல போறோம். ஏலகிரி, ஏற்காடு, முடிஞ்சா ஊட்டி. சும்மா பாத்துட்டு வரப்போறோம்."

"சும்மாவா?"

"ஆங். சும்மா."

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூட கவனிக்காமல் மற்றவர்கள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரிசையில் கடைசியில் இருந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான் அவளுக்கு எதிர் வீடு. தையல் மிஷின் வைத்திருக்கிறேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் ஊர் வம்பையும் கூடவே கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிள்ளைகள் உண்டு. அதனால் நான் எங்கே போனாலும் எதற்குப் போனாலும் ஒரு கேள்வி கிடையாது. பிள்ளை இல்லாதவளைத்தான் ஊர் வழியில் நிறுத்தி விசாரிக்கும். அவள் உப்பு வாங்கப் போனாலும் அதில் ஏதோ ஒரு ஏக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இந்தப் புத்தியைக் கண்டால் எனக்கு அப்போதும் எரிச்சல், இப்போதும் எரிச்சல்.

கோமளவல்லி பவர்லூம் ஷெட்டில் தார் சுற்றுகிறவள். ஊடை நூலைக் கட்டை கட்டையாகச் சுற்றிக் கொடுக்கும் வேலை. சின்ன வயசிலிருந்தே தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் அவள் குரல் எப்போதும் அரை வீதிக்குக் கேட்கும். அதே ஷெட்டில் தறி ரிப்பேர் பார்க்கிறவர் அவள் புருஷன் கோதண்டபாணி. அவர் அவளுக்கு நேர்மாறு. தறி ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது என்று தெரிந்துகொண்டு, அது நின்ற பிறகும் பேசாமலே இருந்து பழகிவிட்டவர்.

இவர்களுக்குக் கல்யாணம் ஆன மறு வருஷத்திலிருந்தே மலை ஏறுவது ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் வேண்டிக்கொண்டாள் என்று பால்குடம். சித்தி வேண்டிக்கொண்டாள் என்று காவடி. யாரோ ஒரு மாமி வேண்டிக்கொண்டாள் என்று படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம். சோளிங்கர் மலை, திருப்பதி மலை, எதுவும் பாக்கியில்லை. ஒரு தடவை மொட்டையும் அடித்துவிட்டார்கள். அவளாகப் போய் வேண்டிக்கொண்டது ஒன்றுகூட இல்லை. வேண்டிக்கொள்கிற வாய் ஒருத்தியுடையது, ஏறுகிற கால் இவளுடையது.

ஒருநாள் என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, நான் எவ்ளோ மலை ஏறி இருக்கேன். ஒருவாட்டிகூட திரும்பி, கீழ இன்னா தெரியுதுன்னு பாத்ததில்ல. தலைமேல குடம் இருந்தா எப்பிடித் திரும்பறது? இறங்கும்போதும் பக்கத்துல ஒருத்தி, பலிக்கும் பலிக்கும்னு சொல்லிகினே வருவா. ஒரு மலை, ஒரே ஒரு மலை, கையில ஒண்ணும் இல்லாம, யாருகிட்டயும் ஒண்ணும் கேக்காம ஏறி நின்னு பாக்கணும்."

"சாமி மேல கோவமா?"

"அவரு மேல இன்னா கோவம். அவரு வூட்டுக்குப் போறப்பல்லாம் கைய நீட்டிகினு நிக்கிறது எனக்குத்தான் வெக்கமா கீது."

அவ்வளவுதான் அவள் ஆசை. இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

மோட்டார் சைக்கிள் ஒரு பழைய ஜாவா. அரக்கோணத்தில் ரயில் கார்டு ஒருவர் வைத்திருந்தது. அவருக்கு அதை ரிப்பேர் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்த கோதண்டபாணி, அவர் ஊரை விட்டுப் போகும்போது வாங்கிக்கொண்டார். உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற அதே கம்பியை மடக்கி கியராகப் போடுவதைப் பார்க்க, வந்த புதிதில் தெருவே வாசலில் நிற்கும். கோதண்டபாணி பேசாத பேச்சையெல்லாம் அந்த வண்டி பேசும். அது திருப்பத்தில் வரும்போதே கோமளா சோற்றை இறக்கி வைத்துவிடுவாள்.

அந்த ஆனி மாசம் முழுக்க அவர்கள் இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. சாயங்காலம் ஷெட் விட்டதும் வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்துகொள்வார்கள். கிளட்ச் வயர் ஒன்று கூடுதலாக வேண்டும், டியூப் ஒன்று வேண்டும், பெட்ரோலில் கலக்க ஆயில் தனியாகக் கொண்டுபோக வேண்டும், மலையில் பெட்ரோல் பங்கில் கிடைக்குமோ கிடைக்காதோ. இதெல்லாம் அவர் சொல்வது. குளிருக்கு என்ன போர்த்திக்கொள்வது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, வழியில் எந்த ஊரில் சாப்பிடுவது. இதெல்லாம் அவள் கேட்பது. கோதண்டபாணி அத்தனை வார்த்தை பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வழி சொன்னது வேடியப்பன். ஷெட்டிலிருந்து துணி மூட்டைகளை சேலத்துக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். வேலூர் வழியாகப் போய் வாணியம்பாடி தாண்டித் திரும்பினால் ஏலகிரி, அங்கிருந்து திருப்பத்தூர், ஊத்தங்கரை, சேலம், மேலே ஏற்காடு என்று விரலை மடக்கிச் சொன்னார். மலையில் கொண்டை ஊசி வளைவு நிறைய வரும், பயந்துடாதேம்மா என்றார். கோமளா தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி அவர் முன்னால் காட்டி, "இதுக்கா பயப்படணும்?" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சாமி இல்லாத மலையாகப் பார்த்துப் போய்விட்டால், வேண்டுதல் என்று யாரும் சொல்ல முடியாதே.

"அண்ணே, ஏலகிரியில கோயில் கீதா?"

"இல்லாம? முருகன் கீறாரு."

"ஏற்காட்டுல?"

"சேர்வராயன். குகைக்குள்ள."

"ஊட்டியில வெள்ளக்காரன்தானே இருந்தான்?"

"வெள்ளக்காரன் போயிட்டான். முருகன் கீறாரு."

"சாமியே இல்லாத மலையா ஒண்ணு சொல்லுங்கண்ணே."

வேடியப்பன் டீயை முழுசாகக் குடித்து முடிக்கிறவரை யோசித்தார். "கல்லு உடைக்கிற மலை ஒண்ணு கீது" என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "அதுலயும் ஒரு மூலையில சூலம் நட்டு வெச்சிருக்கானுங்க" என்றார்.

கோமளா விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, இருந்துட்டுப் போவட்டும். அவரு பாட்டுக்கு அவரு இருக்கட்டும். நாங்க பாட்டுக்கு நாங்க வேடிக்கை பாத்துட்டு வர்றோம்" என்றாள்.

வேடிக்கை. இந்த ஒரு வார்த்தையால்தான் எல்லாம் கெட்டது. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் உலகமே காவடி எடுத்துக்கொண்டு எங்கள் மலைக்கு வரும். அந்த நாளில் பிள்ளை இல்லாத ஒருத்தி புருஷனோடு வேறு மலைக்கு வேடிக்கை பார்க்கப் போகிறாள் என்றால், அதை நம்பும் அளவுக்கு எங்கள் தெருவுக்குத் துணிச்சல் இல்லை. குழாயடியில் கூடிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். இது சாதாரண வேண்டுதல் இல்லை. வெளியே சொன்னால் பலிக்காத வேண்டுதல். அதனால்தான் வேடிக்கை என்று சொல்லி மறைக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாலும் அது சாட்சியாகிவிட்டது. "இல்லவே இல்ல" என்றால், பார் எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்றார்கள். கோபப்பட்டால், விரதம் இருக்கிறவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்றார்கள். குழாயடியில் அவளை வரிசையில் நிற்கவிடாமல் முதல் குடம் பிடிக்கச் சொன்னார்கள். அவள் எரிச்சலாகி, ஒரு வெள்ளிக்கிழமையன்று வாசல் கதவைத் திறந்து போட்டுக் கருவாடு வறுத்தாள். வாசனை தெருக்கோடிவரை போயிற்று. ஜாக்கெட் வாங்க வந்தவள் என்னிடம் கண் கலங்கிச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமையில கருவாடு வறுத்து மறைக்கிறான்னா, எவ்ளோ பெரிய வேண்டுதலா இருக்கும் பாரு." இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

கிருத்திகைக்கு முந்தின வாரம் மணவூரிலிருந்து ரயிலில் ஞானம்மாள் வந்து இறங்கினாள். கோதண்டபாணியின் அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வருஷா வருஷம் புருஷன் வேணுவோடும் உறவுக்கூட்டத்தோடும் வந்து, தம்பி வீட்டில் தங்கிக் காவடி எடுப்பாள். இந்த வருஷம் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறார்கள் என்றதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"விருந்தாளி வர்ற நாளாப் பாத்து வூட்ட விட்டுப் போறவள எங்கனா பாத்து இருக்கியா மாமா?" என்று புருஷனைக் கேட்டாள். அவர் பாவம், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமாதான் போவச் சொல்லிட்டாருக்கா" என்றார் கோதண்டபாணி. வேணு பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

மறுநாள் குழாயடிக்குப் போய்விட்டு வந்த ஞானம்மாள் வேறு ஆளாக வந்தாள். கோமளாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "என்கிட்ட மட்டும் சொல்லி இருக்கக் கூடாதாடி" என்றாள். கோமளா ஆன மட்டும் சொல்லிப் பார்த்தாள். ஞானம்மாள் அவள் வாயைத் தன் கையால் பொத்தினாள். "வேணாம், சொல்லாதே, சொன்னா போயிடும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

எனக்கு அந்த வாரம் முழுக்க ஒரு வேலை இருந்தது. வளைவுகளில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனால் ஆபத்து என்று கோதண்டபாணி சொன்னார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். அதற்காகப் புடவைக்குள்ளே போட்டுக்கொள்ள கெட்டித் துணியில் ஒரு கால்சட்டை தைக்கச் சொன்னாள் கோமளா. "எந்தக் கலர்னா இருக்கட்டும் அக்கா. மஞ்சள் மட்டும் வேணாம்" என்றாள். ஊதாவில் தைத்தேன். பெண்பிள்ளைக்குக் கால்சட்டை தைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அளவு எடுக்கும்போது இருவரும் சிரித்த சிரிப்பில் டேப் கீழே விழுந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு போனேன். ஞானம்மாளும் மற்றவர்களும் மலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் ஜாவா நின்றது. கோதண்டபாணி செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருந்தார். கோமளா வண்டியின் பக்கவாட்டு டூல் பாக்ஸைத் திறந்து, வாங்கி வைத்த பிளக்கையும் கிளட்ச் வயரையும் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பேனர்களுக்குக் கீழே கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே எடுத்தபோது கையில் மஞ்சள் துணியில் சுற்றின ஒரு பொருள் இருந்தது.

பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞானம்மாள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வேண்டும் என்றால் கோயில் கடையில் விற்கிற மரத்தொட்டிலை அவர்கள் வாங்கமாட்டார்கள். தறியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடி நூலைக் கொண்டு போகிறதே நாடா, அது தேய்ந்ததும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுவில் தார்க்கட்டை உட்காருகிற பள்ளம்தான் தொட்டில். அதில் ஒரு துணிப் பொம்மையைப் படுக்கவைத்து, மஞ்சள் பூசி, இரண்டு முனையிலும் சிவப்பு நூல் கட்டி, மலைமேல் ஒரு மரத்தில் தொங்கவிடுவார்கள். ஓடிக்கொண்டே இருந்த நாடா ஓய்ந்து தொட்டிலானால் பலிக்குமாம்.

கோமளா துணியைப் பிரித்தாள். அந்த நாடாவைப் பார்த்ததும் அது எந்தத் தறியில் ஓடினது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கும். தினமும் அவள் சுற்றின தார்தானே அதற்குள் போயிருக்கும்.

"இது எப்பிடி இதுக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எப்போதும் பூட்டியே இருக்கும் பெட்டி. அன்றைக்கு அவளிடம் கொடுக்கும்வரை சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

கோதண்டபாணி ஆயில் கேனைக் கீழே வைத்தார். "அக்கா நம்ம ஷெட்டுல கேட்டு வாங்கியாந்து குடுத்துச்சு. அழுதுச்சு. என்னால வேணாம்னு சொல்ல முடியல."

"அப்போ ஏலகிரியில இத மரத்துல கட்டறதா இருந்தீங்களா?"

"தெரியல. நீ பாக்காம இருந்தா அப்பிடியே திரும்பி எடுத்துகினு வந்துடலாம்னு..."

"நீங்களும் அவங்க பக்கம்தானா?"

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. போகவும் முடியவில்லை. கால்சட்டையை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள் கோமளா.

"வேணும்னு இருந்துச்சு" என்றார் அவர். "இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும்தான் இருந்துச்சு. என்னமோ எனக்கு இல்லாத மாதிரி எல்லாரும் என்கிட்ட வந்து ஞாபகப்படுத்தறாங்க. இத்தன வருசம் கேட்டாச்சு. சாமிக்குக் கேட்டிருக்கும். குடுக்கணும்னா குடுக்கட்டும், இல்லன்னா வுடட்டும். ஆனா எனக்கு மலையப் பாக்கணும். இதத் தூக்கிகினு போனா நான் மறுபடியும் குடம் தூக்கிகினுதானே ஏறுறேன்?" அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு மலை கேட்டேன் உங்ககிட்ட. அதையும் அவங்களுக்கு வித்துட்டீங்க."

கோதண்டபாணி நாடாவை வாங்கக் கை நீட்டினார். "குடு, உள்ள வெச்சிட்டு வரேன்."

அவள் கொடுக்கவில்லை. பொம்மையை எடுத்துப் பக்கத்து ஜன்னல் மேல் பத்திரமாக வைத்தாள். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மஞ்சள் துணியாலேயே நாடாவை நன்றாகத் துடைத்து, டூல் பாக்ஸில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"வரட்டும், அதுவும் வரட்டும்" என்றாள். "ஸ்பேனருக்குக் கீழ ஒளிஞ்சிகினு வர வேணாம். மேலயே இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "கால்சட்டை ரெடியா அக்கா?" என்று கேட்டாள். அவள் தோற்றுவிட்டாள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. கோதண்டபாணியின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று காலை கிளம்பினார்கள். தெருவே வழியனுப்ப நின்றது. ஞானம்மாள் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஹெட்லைட்டில் பட்டையாக விபூதி பூசினாள். கோமளா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். "லைட்டு மறைக்குது அண்ணி" என்றாள். பிறகு எல்லோரும் பார்க்க, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உட்கார்ந்தாள். ஊதாக் கால்சட்டை கணுக்கால்வரை தெரிந்தது. யாரோ "சிவ சிவா" என்றார்கள். ஜாவா உறுமியது. கோதண்டபாணி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மீதியை அவள் வந்த பிறகு சொன்னாள். சோளிங்கர் ரோடு முழுக்க எதிரில் மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, காவடி, மேளம். அத்தனை பேரும் திருத்தணியைப் பார்த்து வர, இவர்கள் வண்டி ஒன்றுதான் எதிர்த்திசையில் ஊர்ந்து போயிற்று. காவடி இறக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் வழிமறித்து, "மலை இந்தப் பக்கம்பா, திரும்பு" என்றாராம். "எங்களுக்கு வேற மலைங்க" என்றாளாம் கோமளா. அவர் சந்தேகத்தோடு விலகி வழி விட்டார். அதுவரைக்கும் அவளும் புருஷனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதற்கப்புறமும் ஏலகிரி அடிவாரம் வரைக்கும் பேசவில்லை.

மலை ஏறும்போது பாதியில் இன்ஜின் சூடேறி வண்டி திணறியது. ஒரு வளைவுக்கு மேலே கோதண்டபாணி நிறுத்தினார். சரிவில் ஸ்டாண்டு நிற்கவில்லை, சரளையில் வழுக்கியது. இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, "கல்லு ஒண்ணு எடு கோமளா, சக்கரத்துக்கு முட்டு குடுக்கணும்" என்றார். அதுதான் காலையிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு.

ரோட்டோரம் கல் நிறையக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. டூல் பாக்ஸைத் திறந்தாள். நாடாவை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காலால் ஒரு தட்டு தட்டினாள். நல்ல கெட்டி மரம், இரண்டு முனையிலும் இரும்பு. வண்டி ஒரு விரல்கூட நகரவில்லை.

கோதண்டபாணி அவளைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். ஒவ்வொரு கையாக வண்டியிலிருந்து எடுத்தார்.

"நல்லா நிக்குது" என்றார்.

கோமளா கையை உதறிக்கொண்டு வளைவின் ஓரத்துக்குப் போனாள். தலையில் குடம் இல்லை. பக்கத்தில் பலிக்கும் பலிக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. திரும்பி நின்று கீழே பார்த்தாள். வந்த ரோடு, அதற்கப்புறம் ரயில் ரோடு, ஏரி, வயல், தெரியாத ஊர்கள். "இன்னாடி பாத்தே?" என்று நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் இருந்த இடத்துலயே இருந்துச்சு" என்றாள். "எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரும் வந்து பக்கத்துல நின்னாரு. ரொம்ப நேரம் நின்னோம். மேல முருகன் கோயில் மணி அடிச்சிகினு இருந்துச்சு. முருகனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன், ஒண்ணும் கேக்காம."

ஏற்காடும் போனார்கள். ஊட்டிக்கு மழையால் முடியவில்லை. அடுத்த வருஷம் என்று வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தது ஒரு மத்தியானம். உறவுக்கூட்டம் போய்விட்டது, ஞானம்மாளும் வேணுவும் மட்டும் சேதி தெரிந்துகொள்ளாமல் போவதில்லை என்று இருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதுமே தெரு கூடிவிட்டது. கோமளாவுக்கு முகம் வெயிலில் கறுத்து, உதடு காய்ந்து, கண் மட்டும் பளபளத்தது. ஒரு சாக்குப் பை நிறையப் பேரிக்காய் கொண்டு வந்திருந்தாள், ஏற்காட்டு மலையில் விளைந்தது. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். எங்கள் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஞானம்மாள் தன் பங்கை முந்தானையில் வாங்கினாள்.

"அதக் கட்டினியாடி?" என்று கோமளாவிடம் மெல்லக் கேட்டாள். மெல்ல என்றால் தெருவுக்கே கேட்கிற மெல்ல.

கோமளா வாயைத் திறக்குமுன் கோதண்டபாணி வண்டியிலிருந்து இறங்கினார். எங்கள் தெரு மலையடிவாரத்தில் இருப்பதால் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அவர் டூல் பாக்ஸைத் திறந்தார், நாடாவை எடுத்தார், குனிந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அதன் முதுகில் டயர் பதிந்த தடம் கறுப்பாகத் தெரிந்தது.

"டேய் கோதண்டம்" என்றாள் ஞானம்மாள். குரல் உடைந்துவிட்டது. "அது தொட்டில்டா."

"தொட்டில் இல்லக்கா, நாடா" என்றார் அவர். அவ்வளவு பேருக்கு நடுவில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரு மலைக்கும் எடுத்துனு போய்க் கட்டல. வண்டிக்கு முட்டு குடுத்தோம். நல்லா நிக்குது. நாங்க ஒண்ணும் கேக்கப் போவல, பாக்கப் போனோம். பாத்துட்டு வந்தோம்."

கண்ணில் ஒற்றின பேரிக்காயை என்ன செய்வது என்று தெரியாமல் நாலைந்து பேர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஞானம்மாள் தம்பியைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். கடைசியில் கோமளாவின் முகத்தைப் பார்த்தாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வயிற்றைப் பார்க்காமல்.

"சாப்புடுங்க அண்ணி" என்றாள் கோமளா. "சாமிக்கு வெச்சது இல்ல. சந்தையில வாங்கினது."

ஞானம்மாள் முந்தானையிலிருந்து பேரிக்காயை எடுத்தாள். கண் வரைக்கும் பழக்கத்தில் கொண்டு போனாள். பிறகு கையை இறக்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் கடித்தாள்.